பால் வற்றிய மரமும் பதினைந்து மில்லிமீட்டர் பூட்டும்

நான்கு கால்களும் ஒரு மேற்பலகையும் கொண்ட உணவு மேசை ஒன்றை அளந்து பாருங்கள். நீளம் 150 செண்டிமீட்டர், அகலம் 90, உயரம் 75 என்று வைத்துக்கொள்வோம். அது அடைத்துக்கொள்ளும் இடம் ஒரு கன மீட்டர். அதில் மரம் என்று இருப்பது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். மீதி முழுவதும் கால்களுக்கு நடுவே இருக்கும் காற்று. அந்தக் காற்றுக்கும் கப்பல் கட்டணம் உண்டு, கிடங்கு வாடகை உண்டு, லோரிக் கூலி உண்டு.

கால்களைக் கழற்றி மேற்பலகையோடு சேர்த்துப் படுக்க வைத்தால், அதே மேசை 155 செண்டிமீட்டர் நீளமும் 95 அகலமும் 12 தடிமனும் உள்ள பெட்டிக்குள் அடங்கிவிடும். இப்போது அதன் கொள்ளளவு 0.18 கன மீட்டருக்கும் குறைவு. மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றப்படும் 40 அடிக் கொள்கலனின் உள்ளளவு சுமார் 67 கன மீட்டர். முழு மேசைகள் என்றால் கணக்கின்படி 66 போகும். பெட்டிகள் என்றால் 370-க்கு மேல். ஒரு தளவாடத் தொழிற்சாலையின் லாபமும் நட்டமும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கியிருக்கிறது.

வாங்குபவருக்கும் இதே கணக்குதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் அடுக்குமாடி வீட்டுக்குள் முழு அலமாரி ஒன்றை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு மின்தூக்கியின் கதவு எவ்வளவு குறுகலானது என்று தெரியும். 12 செண்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டியோ நிமிர்ந்து நின்றபடி உள்ளே போய்விடும்.

ஆனால் மேசையைத் தட்டையாக்கும்போது தொழிற்சாலை ஒரு பெரிய பொறுப்பைக் கைமாற்றுகிறது. கழுந்து செதுக்கி, துளையில் இறக்கி, பசையிட்டு, இறுக்கிக் காயவைத்த தச்சரின் வேலை, இப்போது வாழ்நாளில் உளியைத் தொட்டிராத ஒருவரின் வரவேற்பறைக்கு வந்துவிடுகிறது. அவருக்கு ஒரு மாலைப் பொழுதும் ஒரு சின்னச் சாவியும்தான் தரப்படுகின்றன. அவர் முடுக்கும் இணைப்பு பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் எடையைத் தாங்க வேண்டும். அது எப்படிச் சாத்தியமாகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. தளவாடத்தின் பலம் பலகையின் பருமனில் இருக்கிறது என்று நாம் நம்பிப் பழகிவிட்டோம். உண்மையில் அந்தப் பலம் இணைப்பில் இருக்கிறது.

காலைக் கழற்றிய மேசை

இந்த எண்ணம் பழையது. ஆஸ்திரியாவில் மைக்கேல் தோனெட் என்பவரின் நிறுவனம் 1859-ல் 14-ஆம் எண் நாற்காலியை வெளியிட்டது. நீராவியில் பதப்படுத்தி வளைத்த பீச் மரத்துண்டுகள் ஆறு, திருகாணிகள் பத்து, மரைகள் இரண்டு: நாற்காலி முழுவதும் அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. ஐரோப்பாவின் காபிக் கடைகளுக்கு அவை கப்பலிலும் ரயிலிலும் போயின. சேருமிடத்தில் திருகி முடுக்கினார்கள்.

சுவீடனில் இங்வார் கம்ப்ராட் 1943-ல் தொடங்கிய ஐக்கியா நிறுவனம் இந்த எண்ணத்தை வீடுகளுக்குக் கொண்டுபோனது. அங்கே வேலை செய்த கில்லிஸ் லுண்ட்கிரென் 1950-களின் நடுவில் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றினார் என்பது அந்த நிறுவனம் சொல்லும் வரலாறு. தட்டைப் பெட்டி விற்பனை 1956-ல் தொடங்கியது. அதே லுண்ட்கிரென் 1979-ல் வடிவமைத்த பில்லி புத்தக அலமாரி இன்றும் விற்கிறது. மலேசியாவில் ஐக்கியாவின் முதல் கடை 1996-ல் ஒன் உத்தாமா பேரங்காடியில் திறந்தது. 2003-ல் முத்தியாரா டாமான்சாராவில் பெரிய கடையாக இடம் மாறியது.

கடை 1996-ல்தான் வந்தது. ஆனால் பிரித்து அடுக்கும் தளவாடத்தின் உற்பத்தி மலேசியாவில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. அதற்கு மூலப்பொருளாக அமைந்தது, தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டு வளர்த்த ஒரு மரம்.

விறகாக எரிந்த மரம்

பால்மரம் என்றும் கித்தா மரம் என்றும் தோட்டத்து மக்கள் அழைத்த ரப்பர் மரம், பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து வந்தது. ஹென்றி விக்கம் 1876-ல் அங்கிருந்து கொண்டுபோன விதைகள் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தன. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன; அவற்றிலிருந்து சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானைச் சுற்றியிருந்த நிலத்தின் பெரும்பகுதி ரப்பர் தோட்டமானது. அங்கே பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைந்தவர்களின் வேலை மிக நுட்பமானது. மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும் அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லிய சீவலாக அறுக்க வேண்டும். உள்ளே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மீதம் விடவேண்டும். உளி அதையும் தாண்டினால் மரத்தை வளர்க்கும் படலம் காயப்படும். காயம் ஆறும்போது அந்த இடம் புடைத்து முடிச்சாகும். அதற்குமேல் சீராகப் பால் வெட்ட முடியாது. உள்ளிருக்கும் மரமும் கறைபட்டுக் கெடும். பால் ஏந்தும் கிண்ணமான மங்கு நிறைய வேண்டும் என்பதற்காகக் காத்த அந்த ஒரு மில்லிமீட்டர், பின்னாளில் பலகையின் தரத்தையும் காத்தது.

மரம் 25 முதல் 30 வயது வரை பால் கொடுக்கும். பிறகு வெட்டிச் சாய்த்துப் புதுக்கன்று நடுவார்கள். சாய்த்த மரத்தை வைத்து என்ன செய்வது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. நிலத்திலேயே குவித்து எரித்தார்கள். ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகானது. பிறை நகரில் 1967-ல் இரும்பு உருக்கத் தொடங்கிய மலாயாவாத்தா ஆலை, நிலக்கரிக்குப் பதிலாக ரப்பர் மரக்கரியைத் தன் ஊதுலையில் எரித்தது. மரமாக யாரும் மதிக்காததற்குக் காரணங்கள் இருந்தன.

முதல் காரணம், அந்த மரம் இனிப்பானது. ரப்பர் மரத்தின் திசுக்களில் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது. வெட்டிய ஓரிரு நாளில் நீலக்கறை படிய வைக்கும் பூஞ்சை பரவிவிடும். அடுத்து, மரத்தைப் பொடியாக்கும் சிறு வண்டுகள் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இரண்டாவது காரணம், தண்டு ஒல்லி. மார்பளவில் 30 செண்டிமீட்டர் விட்டம் இருந்தாலே பெரிது. பால் வெட்டிய பகுதியிலும் கிளை பிரியும் இடத்திலும் குறைகளை அறுத்து நீக்கினால் மிஞ்சுபவை குட்டைத் துண்டுகள். மூன்றாவது, சாய்ந்து வளர்ந்த மரத்தில் இழுவிசை தாங்க உருவான இழைகள் உலரும்போது பலகையை முறுக்கிவிடும்.

கோலாலம்பூரின் வடமேற்கே கெப்போங்கில் 1929-ல் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம், இன்றைய மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம், இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. வழி கண்டவுடன் அது எளிமையாகத் தெரிந்தது. மரம் வெட்டிய உடனே, பூஞ்சை பரவுமுன், அறுவை ஆலைக்கு வந்துவிட வேண்டும். அறுத்த பலகைகளை இரும்பு உருளைக்குள் அடுக்கி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்த வேண்டும். மரத்துக்குள் காற்று இருந்த சிறு அறைகளில் கரைசல் புகுந்துகொள்ளும். மாவுச்சத்தைத் தேடி வரும் வண்டு அங்கே பிழைக்காது. பிறகு சூடான உலர்த்தும் அறைக்குள், பளுவை மேலே ஏற்றிப் பலகை முறுக்கிக்கொள்ளாதபடி ஈரத்தைப் பத்து விழுக்காட்டுக்கு அருகே இறக்க வேண்டும்.

1970-களின் இறுதியில் இந்த மரம் ஏற்றுமதிக்குப் போகத் தொடங்கியது. 1980-களில் அறுத்த பலகையாக விற்பதைவிடத் தளவாடமாக்கி விற்பதே மேல் என்று நாடு முடிவெடுத்தது. வெளிர் மஞ்சள் நிறம், சீரான இழை, சாயத்தை நன்றாகப் பிடிக்கும் குணம், தளவாடத்துக்குப் போதிய கடினம் எல்லாம் வாங்குபவர்களுக்குப் பிடித்தன. இயற்கைக் காட்டை அழிக்காமல் கிடைக்கிற மரம் என்பது இன்னொரு பெருமை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளும் ஜொகூரின் மூவார் வட்டாரமும் வளர்ந்தன. 1995 முதல் கோலாலம்பூரில் அனைத்துலகத் தளவாடக் கண்காட்சி நடந்து வருகிறது.

துண்டை நீளமாக்கும் பல்

குட்டைத் துண்டு என்ற குறை மட்டும் மீதி நின்றது. இரண்டு மரத்துண்டுகளின் முனைகளைப் பசையால் ஒட்டினால் அந்த ஒட்டு நிற்காது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. முனையில் அந்தக் குழாய்களின் திறந்த வாய்கள்தான் இருக்கின்றன. பசை அவற்றுக்குள் உறிஞ்சப்பட்டுப்போகும்; பற்றிக்கொள்ள மேற்பரப்பு இராது. பக்கவாட்டில் ஒட்டினாலோ மரமே கிழிந்தாலும் ஒட்டு விடாது.

அதனால் முனைகளை நேராக விடாமல், இரு கைகளின் விரல்களைக் கோத்ததுபோல, கூரிய பற்களாகச் சீவுகிறார்கள். ஒவ்வொரு பல்லின் சரிவும் ஏறக்குறைய நீளவாக்கு இழையாகவே இருக்கிறது. முனை ஒட்டு இப்போது பக்க ஒட்டாகிவிட்டது. ஒட்டும் பரப்பும் பல மடங்கு பெருகிவிட்டது. இப்படி நீட்டிய பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் எவ்வளவு அகலமான பலகையும் கிடைக்கும். உங்கள் வீட்டு ரப்பர் மர மேசையைக் கூர்ந்து பார்த்தால் சிறு சிறு பட்டைகளும், அவற்றின் முனைகளில் நெளிநெளியான கோடுகளும் தெரியும். பெரிய மரம் இல்லாத குறை, இணைப்பால் தீர்ந்தது.

கழற்றிப் பூட்டும் தளவாடமும் இந்த மரமும் பொருந்தியது தற்செயல் அல்ல. நாற்காலிக் கால், மேசைச் சட்டம், முதுகுக் கம்பி எல்லாம் குட்டை உறுப்புகள். குட்டை மரத்திலிருந்து குட்டை உறுப்பு கிடைக்கும். குட்டை உறுப்பு தட்டைப் பெட்டிக்குள் அடங்கும். பொருளின் வடிவத்தை மூலப்பொருளின் குறையே தீர்மானித்தது.

இழுப்புக்கு ஒன்று, நழுவலுக்கு ஒன்று

தச்சரின் கழுந்து இணைப்பில் ஒரே உறுப்பு எல்லா விசையையும் தாங்கும். பிரித்து அடுக்கும் தளவாடத்தில் விசைகளைப் பங்கு பிரிக்கிறார்கள். இந்தத் தொழிலின் மிகப் பெரிய அறிவு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பக்கப் பலகையோடு தட்டுப் பலகை சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர், 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள மர முளை. தட்டு கீழே நழுவாமல் தாங்குவது அதன் வேலை. மற்றவர், துத்தநாகக் கலவையில் வார்த்த சிறு உருளையும் அதன் துணையான ஆணியும். கடைக்காரர்கள் அதைக் கேம் பூட்டு என்பார்கள். இரண்டு பலகைகளும் பிரிந்து விலகாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை.

அந்த உருளையின் விட்டம் 15 மில்லிமீட்டர். அதன் உள்ளே ஒரு வளைந்த பள்ளம் இருக்கிறது. பள்ளம் உருளையின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நகர்கிறது. ஆணியின் தலை அதில் மாட்டியதும், திருப்புளியால் உருளையை அரைச் சுற்றுத் திருப்பினால், தலை பள்ளத்தோடு உள்ளே இழுபடுகிறது. பலகைகள் நெருங்கி இறுகுகின்றன. பள்ளத்தின் சாய்வு மிகச் சிறியது என்பதால் உராய்வே பூட்டாகிவிடுகிறது. ஆணியை எவ்வளவு இழுத்தாலும் உருளை தானாகத் திரும்பாது. கழற்ற வேண்டுமானால் நாம்தான் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

நேரடியாக ஒரு திருகாணியை முடுக்கினால் போதாதா? பலகை சிப்போர்டாக இருந்தால் போதாது. ஜெர்மனியில் மேக்ஸ் ஹிம்மல்ஹெபர் 1930-களில் உருவாக்கிய இந்தப் பலகை, மரத்தூளையும் செதில்களையும் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்தியது. மேலும் கீழும் நுண்ணிய தூள் நெருங்கியிருக்கும். நடுவில் பெரிய செதில்கள் தளர்வாக இருக்கும். விளிம்பில் ஏற்றிய திருகாணி அந்தத் தளர்ந்த நடுப்பகுதிக்குள்தான் போகும். இரண்டு மூன்று முறை கழற்றினால் மரை உதிர்ந்துவிடும். கேம் உருளையோ பலகையின் முகத்திலிருந்து குழிக்குள் உட்கார்ந்து, தன் முழு வளைபரப்பாலும் பலகையை அழுத்துகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் சிப்போர்டு மோசமில்லை. கிழிக்கும் இழுவையைத்தான் அது தாங்காது. வலுவில்லாத பொருளிடம் அதனால் முடிந்த வேலையை மட்டும் கேட்பதே நல்ல வடிவமைப்பு.

ரப்பர் மர நாற்காலியில் வேறோர் ஏற்பாடு. சட்டத்தின் முனை வழியே நீண்ட ஆணியை உள்ளே விட்டு, பக்கவாட்டுத் துளையில் வைத்த உருளை மரையில் அதைப் பிடிக்க வைக்கிறார்கள். ஆணி முனை மரத்தைப் பிடிக்காமல், குறுக்கே கிடக்கும் இரும்பைப் பிடிக்கிறது. இரும்போடு இரும்பு சேருவதால் எத்தனை முறை கழற்றினாலும் மரை தேயாது. அறுகோணச் சாவிக்கும் காரணம் உண்டு. அது ஆணித் தலையின் உள்ளே ஆறு பக்கமும் பற்றுகிறது. வழுக்கி மரத்தைக் கீறாது. அதன் குட்டைக் கையோ, சாதாரண மனிதர் மரையை நொறுக்கும் அளவுக்கு முறுக்க முடியாதபடி அளவெடுத்தது. மின்துளைக் கருவியால் முடுக்குபவர்கள் அந்தக் காவலைத் தாங்களே நீக்கிக்கொள்கிறார்கள்.

32 மில்லிமீட்டர் ஒழுங்கு

அலமாரியின் உள்பக்கத்தில் மேலிருந்து கீழாக வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 32 மில்லிமீட்டர். துளையின் விட்டம் 5 மில்லிமீட்டர். முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் தள்ளி முதல் வரிசை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வீடுகளை வேகமாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தபோது இந்த முறை உருவானது. ஒரே நேரத்தில் பல துளை போடும் இயந்திரத்தில், துளைக்கும் தண்டுகள் பல்சக்கரங்களால் இணைந்து சுழல்கின்றன. அந்தச் சக்கரங்களை நெருக்கி வைக்க வசதியான இடைவெளியாக 32 மில்லிமீட்டர் அமைந்தது. இயந்திரத்தின் வசதி உலகத்தின் அளவுகோலானது.

இதனால் கதவுக் கீல், தட்டுத் தாங்கி, இழுப்பறைத் தண்டவாளம் எல்லாம் ஒரே துளை வரிசைக்குப் பொருந்துகின்றன. ஷா ஆலமில் அறுத்த பலகையும் ஐரோப்பாவில் செய்த கீலும் ஒன்றையொன்று பார்க்காமலே சேருகின்றன. தச்சர் தன் கண்ணாலும் கையாலும் சரிபார்த்ததை இங்கே துளையின் இடம் சரிபார்க்கிறது. துளை அரை மில்லிமீட்டர் தவறினால் அந்தத் தவறு பெட்டிக்குள் பயணம் செய்து வாங்குபவரின் வீட்டில் வெளிப்படும்.

வழிகாட்டித் தாளும் இந்த ஒழுங்கின் ஒரு பகுதியே. சொற்கள் இல்லாத படங்களாக அது இருப்பது, பல மொழிகள் புழங்கும் மலேசியா போன்ற நாட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது. நல்ல வடிவமைப்பாளர் படத்தை மட்டும் நம்புவதில்லை. முளைகளின் இடத்தைச் சமச்சீரின்றி வைப்பார். பலகையைத் தலைகீழாகப் பொருத்தினால் அது சேரவே சேராது.

பூட்டி முடித்தவருக்குக் கிடைக்கும் நிறைவும் ஆராயப்பட்டிருக்கிறது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோக்கன், டான் ஏரியலி மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தாமே பூட்டிய பெட்டிக்கு மக்கள் கூடுதல் விலை தர முன்வந்தார்கள். வேலையை முடிக்க முடியாதவர்களிடம் அந்தப் பற்று தோன்றவில்லை. ஆகவே தெளிவான வழிகாட்டி என்பது வாங்குபவருக்குச் செய்யும் மரியாதை.

முதுகுப் பலகையின் வேலை

புத்தக அலமாரியின் பின்னால் அடிக்கும் 3 மில்லிமீட்டர் அட்டைப் பலகையைப் பலர் தூசிக்கு மறைப்பு என்று நினைக்கிறார்கள். சிலர் அதை விட்டுவிடவும் செய்கிறார்கள். அலமாரியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நான்கு பலகைகளை மூலைகளில் இணைத்த சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரியும். சரிவைத் தடுக்க மூலை இணைப்புகள் மட்டும் இருந்தால் ஒவ்வொரு பூட்டின்மீதும் பெரும் முறுக்கு விழும். பின்னால் ஒரு தகட்டை நான்கு பக்கமும் ஆணியடித்துவிட்டால் கதை மாறுகிறது. சட்டம் சரிய வேண்டுமானால் ஒரு மூலைவிட்டம் நீள வேண்டும், மற்றது குறுக வேண்டும். தகடு தன் தளத்துக்குள் நீளவும் குறுகவும் மறுக்கும். அதனால்தான் மெல்லிய தகடு பருமனான பலகையைவிட அதிகமாக அலமாரியை நிமிர்த்தி வைக்கிறது. ஆணியடிக்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமானால் சட்டம் செங்கோணத்தில் நிற்கிறது.

தட்டின் தொய்வுக்கும் ஒரு விதி உண்டு. சீராகப் பாரம் ஏற்றிய தட்டின் தொய்வு, நீளத்தின் நான்காம் அடுக்கில் கூடும்; தடிமனின் மூன்றாம் அடுக்கில் குறையும். 40 செண்டிமீட்டர் தட்டை 80 செண்டிமீட்டராக்கினால் தொய்வு இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு. அதே நீளத்தில் தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகும். சிப்போர்டின் விறைப்பு ரப்பர் மரத்தின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பாரம் நிரந்தரமாக இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இன்னும் தொய்யும். நீண்ட தட்டில் மாவரைக்கும் கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் வைக்க நினைப்பவர்கள், நடுவில் ஒரு தாங்கியை நிறுத்தினால் போதும். நீளம் பாதியாகும், தொய்வு ஏறக்குறைய மறைந்துவிடும்.

ஈரம் என்னும் எதிரி

மரம் வெட்டுண்ட பிறகும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். கோலாலம்பூரின் காற்றில் மரத்தின் ஈரம் சுமார் 15 விழுக்காட்டில் நிலைகொள்ளும். குளிர்சாதன அறையில் அது இன்னும் கீழே இறங்கும். குளிர்காலத்தில் சூடேற்றிய ஐரோப்பிய வீட்டிலோ 8 விழுக்காட்டுக்கும் கீழே போகும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் சுருங்கி விரியும். அதனால்தான் மேசையின் மேற்பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் துளைகளை வட்டமாக இல்லாமல் நீளவாட்டமாகப் போடுகிறார்கள். ஆணி அந்த நீளத்துக்குள் நகர இடம் வேண்டும். இறுகிப் பிடித்தால் பலகை வெடித்துவிடும். புதுத் தளவாடத்தின் ஆணிகளைச் சில வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை முடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

சிப்போர்டின் துன்பம் வேறு. அழுத்தி நசுக்கிய செதில்கள் தங்கள் பழைய தடிமனுக்குத் திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கின்றன; பிசின்தான் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் பட்டால் செதில்கள் உப்பும், யூரியா பார்மால்டிஹைட் பிசினும் நெகிழும். உலர்ந்த பிறகும் பலகை பழைய தடிமனுக்குத் திரும்பாது. பூட்டு உட்கார்ந்த குழி பிளந்துவிடும். 2021 டிசம்பர் 18 அன்று கொட்டிய மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் நாள்கணக்கில் நீருக்குள் கிடந்தது. வெள்ளம் வடிந்த தெருக்களில் மலைபோல் குவிந்தவற்றில் உப்பி வெடித்த அலமாரிகளும் கட்டில்களும் ஏராளம். கழுவிக் காயவைத்த திட மர மேசைகள் பல பிழைத்தன. அழுத்தப் பலகைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை.

வெள்ளம் வராத வீட்டிலும் வாரந்தோறும் ஒரு சிறு வெள்ளம் உண்டு. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் தண்ணீர் அலமாரியின் அடிவிளிம்பில் தேங்குகிறது. பலகையின் முகத்தை மெலமைன் தாள் காக்கிறது. முன்விளிம்பைப் பிளாஸ்டிக் பட்டை காக்கிறது. தரையில் படும் அடிவிளிம்பு மட்டும் பெரும்பாலும் மூடப்படாமலே இருக்கும். பூட்டும் நாளிலேயே அந்த விளிம்பில் வார்னிஷோ சிலிக்கோன் பசையோ தடவி, நான்கு பிளாஸ்டிக் கால்களைப் பொருத்தினால் அலமாரியின் ஆயுள் பல ஆண்டு நீளும். புது அலமாரியின் காரமான வாடை, சிப்போர்டைப் பிடித்து வைத்திருக்கும் அதே பார்மால்டிஹைட் பிசினிலிருந்து வருவது. பார்மால்டிஹைட்டை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 2004-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஈ1 தரக்குறி உள்ள பலகையில் அதன் வெளியேற்றம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வாங்கும்போது அந்தக் குறியைக் கேளுங்கள். முதல் சில வாரம் சன்னலைத் திறந்து வையுங்கள்.

கடைசி இணைப்பும் நீண்ட ஆயுளும்

பெட்டிக்குள் வரும் ஒரு சிறு தகட்டைப் பலர் தேவையற்றதென்று ஒதுக்கி வைக்கிறார்கள். அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் தகடு அது. இழுப்பறைகள் எல்லாவற்றையும் திறந்தால் எடையின் நடுப்புள்ளி முன்னோக்கி நகர்கிறது. குழந்தை ஒன்று இழுப்பறையைப் பிடித்து ஏறினால் அந்தப் புள்ளி முன்காலைத் தாண்டிவிடும். அலமாரி கவிழும். இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் 2016-ல் அமெரிக்காவில் ஐக்கியா கோடிக்கணக்கான அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. சுவரோடு செய்யும் இணைப்பு எல்லா இணைப்புகளையும்விட முக்கியமானது. அதை முடுக்காமல் வேலை முடிந்ததென்று எழாதீர்கள்.

வாடகை வீடு மாறும்போது தளவாடத்தைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ரப்பர் மர நாற்காலியும் மேசையும் அதைத் தாராளமாகத் தாங்கும். சிப்போர்டு அலமாரியில் கேம் பூட்டுகளை மட்டும் கழற்றுங்கள். பலகைக்குள் ஏறிய ஆணிகளை அப்படியே விட்டுவிடுங்கள். மரை உதிர்ந்த துளையை வீசி எறியக் காரணமாக்க வேண்டாம். துளையை 8 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, பசையில் தோய்த்த மர முளையை இறக்கி, காய்ந்த பின் அதில் புதுத் துளை போட்டால் பழையதைவிட வலுவான பிடிப்பு கிடைக்கும்.

இந்த அக்கறைக்கு இன்று கூடுதல் காரணம் இருக்கிறது. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. மரம் போதாமல் 2017 ஜூலையில் அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதிக்கே மலேசியா தடை விதித்தது. இனி ஒவ்வொரு மரமும் அருமையானது. ஒரு தொழிலாளி ஒரு மில்லிமீட்டர் கணக்கில் காத்து வெட்ட, 25 ஆண்டு பால் தந்த பிறகு பலகையான மரம், மேசையாக இன்னொரு 25 ஆண்டாவது உழைக்க வேண்டும். அதற்குத் தேவையான அறிவு ஏற்கெனவே துளையிலும் பூட்டிலும் முளையிலும் வைக்கப்பட்டிருக்கிறது. தளர்ந்ததை முடுக்குவதும், ஈரம் படாமல் காப்பதும், உடைந்த இடத்தில் ஒரு முளையை இறக்குவதும் நம் கையில் இருக்கும் வேலை.